பங்காளி வீட்டுச் சுவரில் ஒரு டப்பா

"வீட்டுக்கு எந்த நெட் போடலாம்?" எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்ட கையோடு ஆளுக்கொரு கம்பெனிப் பெயரைப் போடுவார்கள். கோயம்புத்தூர் அத்தை மகன் ஸ்பீடு டெஸ்ட் படத்தோடு வருவான். வேளச்சேரி சித்தி, ஆறு மாதப் பணத்தைச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்ற விளம்பரத்தையே அனுப்பிவிடுவாள். நான் மட்டும் "எந்தத் தெரு?" என்று கேட்பேன். இவளுக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் எதிர்க்கேள்வி போடுகிறாள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதிலே அந்தக் கேள்விதான். அதை நாலு வரி மெசேஜில் விளக்க முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பா வீட்டில் இருந்தபடி மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன், நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை (சார்ட் என்போம்) பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. கொரோனா சமயத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிய திருச்சி அலுவலகம் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். மொபைல் ஹாட்ஸ்பாட் கூடாது, வயர் வழியாக வரும் இணைப்பு வேண்டும். வேலை முழுக்க விபிஎன் என்ற பூட்டிய இணையப் பாதை வழியாக அமெரிக்காவில் இருக்கும் சர்வரில் நடக்கிறது. நடுவில் அறுந்தால் பாதி முடித்த சார்ட் போயிற்று, அன்றைய டார்கெட் போயிற்று, மாதக் கடைசியில் இன்சென்டிவும் போயிற்று. ஆகவே கண்ணாடி இழையில் நெட் கொண்டுவரும் ஃபைபர் எனக்குச் சோறு போடுகிற விஷயம்.

முதலில் ஒரு பெரிய கம்பெனியிடம்தான் போனேன். ஆப்பில் பின்கோடு போட்டதும் "உங்கள் பகுதியில் சேவை கிடைக்கிறது" என்று பச்சை டிக் விழுந்தது. முன்பணமும் கட்டினேன். வந்த பையன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினான். எங்கள் வீடு இருக்கும் பக்கம் ஒரு பார்வை, போனில் யாரிடமோ இரண்டு வார்த்தை. "ஃபீசிபிலிட்டி இல்ல மேடம்." "ஆப்புல இருக்குன்னு காட்டுதே தம்பி?" "அது பின்கோடுக்கு மேடம்." பணம் பிறகு திரும்பி வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையன் சொன்னது மனசில் தங்கிவிட்டது. பின்கோடுக்கு இருக்கிறது, வீட்டுக்கு இல்லை. எங்கள் பின்கோடு என்பது பல கிராமங்கள், ஒரு ரயில் பாதை, குறுக்கே ஓடும் வாய்க்கால்கள். கம்பெனியின் ஃபைபர் மெயின் ரோடு வரை உண்மையிலேயே வந்திருந்தது. அதற்கப்புறம் உள்ள தூரத்தை எந்த ஆப்பும் அளக்கவில்லை.

அந்தத் தூரம் எங்கள் வீட்டுக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெருவின் கடைசிக் கம்பத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே பங்காளி வீடு நிற்கிறது. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் முன்பக்கம் அவர்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு, நடந்து வர ஒரு சந்து. அந்தச் சந்து யாருடையது என்பதில் அப்பாவுக்கும் முன்வீட்டுச் சித்தப்பாவுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. நல்லது கெட்டதுக்குப் போவோம். மொய் எழுதுவோம், சாப்பிடாமல் திரும்புவோம். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் கம்பி அவர்கள் மாடியைத் தாண்டித்தான் வருகிறது. அது இழுத்த காலத்தில் தாத்தாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேபிள்காரர் நெட்காரர் ஆனது

எங்கள் ஊர்க் கேபிள் அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். 90களில் பெரிய டிஷ் ஒன்றை மாடியில் நட்டு, கறுப்பு கோஆக்ஸியல் கேபிளைத் தென்னை மரம், கரண்ட் கம்பம், கோயில் மதில் என்று அகப்பட்டதில் எல்லாம் கட்டி ஊருக்குப் படம் காட்டியவர். கோஆக்ஸியலில் சிக்னல் கொஞ்ச தூரம் போனதும் சோர்ந்துவிடும். வழியில் ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட்டுக்கு யாராவது ஒருவர் தன் வீட்டு பிளக்கைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிற வீட்டுக்கு கேபிள் இலவசம். எங்கள் தெருவில் அந்தப் பெட்டி முன்வீட்டுச் சித்தப்பா திண்ணையில் இருந்தது. தெருவிலேயே கேபிளுக்குக் காசு கொடுக்காத வீடு என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. அவர் வெளியூர் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் பின்னால் இருக்கிற எல்லா வீட்டிலும் திரை வெள்ளையாகும். எங்கள் வீடும் பின்னால்தான். அதைத் தெரிந்தே செய்தார் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

அண்ணன் இன்டர்நெட்டுக்கு வந்தது ஆசையால் என்று சொல்ல மாட்டேன். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோதே மாத வசூல் சுருங்கிப்போனது. பிறகு செட்டாப் பாக்ஸ். அப்புறம் 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய விதி, 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம், கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனிக் காசு. அதற்குள் போனிலேயே படம் பார்க்கப் பழகிவிட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வீடு. இதற்கெல்லாம் நடுவில் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன என்று படித்திருப்பீர்கள். அந்தக் கம்பங்களில் தொங்கிய கேபிள்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அண்ணனுடைய இருபது வருடக் கம்பி ஒரே ராத்திரியில் சாலையில் கிடந்தது. எப்படியும் புதிதாக இழுக்கத்தான் வேண்டும், இழுக்கிறதை ஃபைபராக இழுப்போம் என்று கடன் வாங்கினார். புயல் அடிக்காவிட்டால் எங்கள் ஊருக்கு ஃபைபர் இன்னும் சில வருடம் கழித்துத்தான் வந்திருக்கும்.

ஃபைபரில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. ஒரே கண்ணாடி இழையில் மூன்று நிற வெளிச்சம் ஒன்றையொன்று இடிக்காமல் போகும். 1490 நானோமீட்டரில் நெட் நம் வீட்டுக்கு வருகிறது, 1310இல் நம் வீட்டிலிருந்து போகிறது, 1550இல் டிவி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத நிறங்கள்தான், ஆனாலும் நிறங்கள். கேபிள் தொழிலை விடாமலேயே நெட் தொழிலையும் அதே இழையில் ஏற்றிக்கொள்ளலாம். பக்கத்து ஊர்களில் பலர் இப்படித்தான் மாறினார்கள். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் வீட்டு ஃபைபர் என்று ஒன்று நடக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு இந்தப் பழைய கேபிள்காரர்களின் ஏணியில்தான் ஏறி வந்தது. பிஎஸ்என்எல்கூட ஃபைபரைப் பல ஊர்களில் உள்ளூர்க் கூட்டாளிகளை வைத்துத்தான் தருகிறது. 2020 ஜனவரியில் சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் போன பிறகு வேறு எப்படித் தர முடியும்?

சுவரேறிய கதை

பெரிய கம்பெனிப் பையன் திரும்பிப் போன பிறகு அண்ணனுக்கு போன் போட்டேன். "பாத்துட்டு சொல்றேன் பாப்பா" என்றார். அவர் பார்க்க வேண்டியது கம்பத்தை இல்லை, சித்தப்பாவை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு மாலை நேரம், கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற டிராப் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிய பையனோடு வந்தார். எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நேராக முன்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் சந்தில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றேன்.

"சித்தப்பா, ஒங்க சொவத்துல ஒரு டப்பா வைக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

இதில் பொய் ஏதும் இல்லை. டப்பா அவருடையதுதான்.

"கரண்டு?"

"வேணாம் சித்தப்பா. இது கண்ணாடி. வெளிச்சம் ஒண்ணா வந்து எட்டாப் பிரிஞ்சு போவும், அவ்வளவுதான். பிளக்கே கெடையாது."

"கரண்டு எடுக்கலைன்னா எனக்கு ஃப்ரீயும் கெடையாதுங்கிற."

அண்ணன் சிரித்துவிட்டார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போன நாளிலிருந்து சித்தப்பாவும் மற்றவர்களைப் போலக் காசு கொடுக்கிறார். அந்த வருத்தம் அவருக்கு உண்டு என்பது தெருவுக்கே தெரியும். "எட்டுல மொத லைன் ஒங்களுக்கு. மோடத்துக்கு டெபாசிட் வேணாம். போதுமா?"

"மத்த ஏழு?"

"தெருவுக்கு."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தெருவில் எங்கள் வீடும் சேர்த்திதான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. துணியோடு நான் நிற்பதையும் பார்த்திருப்பார். நேராக எங்கள் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தால் "முடியாது" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவிடம் அத்தனை வருடம் காட்டிய முறைப்புக்கு அது கடமை. அந்தக் கட்டாயத்திலிருந்து அண்ணன் அவரை விடுவித்துவிட்டார். "சரி, மழத்தண்ணி எறங்காம வையி" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

டப்பாவைத் திண்ணைக்கு மேலே, பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்த ஆணித் துளைகளுக்குப் பக்கத்திலேயே அடித்தார்கள். அதன் பிறகு நடந்த வேலையைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. பையன் கேபிளின் கறுப்புத் தோலை உரித்தான், உள்ளே இருந்த இழையின் பூச்சைச் சீவினான், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தான், சின்னக் கருவி ஒன்றில் வைத்து நுனியை நேராக வெட்டினான். தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். இரண்டு நுனிகளையும் இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினில் வைத்து மூடியதும் அதன் திரையில் இரண்டு குழாய்கள் எதிரெதிரே பெரிதாகத் தெரிந்தன, தாமாகவே நகர்ந்து நேர் பார்த்துக்கொண்டன, ஒரு பொறி, ஒன்றாகிவிட்டன. அந்த மெஷின் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க முடியாது, அதன் விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டுக்குள் வந்த முனையில், வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரைச் சொருகி "மைனஸ் இருபத்தொண்ணு" என்று படித்தார்கள். வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபல் போகும். எட்டாகப் பிரித்தால் 10 டெசிபல் அளவில் போகும். அண்ணனின் கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் வழியில் ஏற்கெனவே எட்டாக ஒரு பிரிப்பு, இங்கே எட்டாக இன்னொன்று. ஆக ஓர் இழை 64 வீட்டுக்கு. மைனஸ் 27, 28 வரை மோடம் தாங்கும், அதற்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு மினுங்கும். உங்கள் வீட்டில் போடும்போதும் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நெட் மந்தமாகும்போது மறுபடி அளக்கச் சொல்லலாம். எண் மாறியிருந்தால் கோளாறு கம்பியில். மாறாமலிருந்தால் பெரும்பாலும் கம்பெனி மேலேயிருந்து வாங்குகிற மொத்த நெட் அளவில், அதாவது பேண்ட்வித்தில்.

யாருடைய வீதி இது

நெட் வந்துவிட்டது, வேலையும் ஓடுகிறது. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சு எனக்குள் அடங்கவே இல்லை. முதலில் அதை ஒரு வெற்றியாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். பெரிய கம்பெனியால் முடியாததைக் கேபிள் அண்ணன் முடித்தார், சின்ன ஆளுக்கு ஊர் தெரியும், கஸ்டமர் கேருக்கு ஊர் தெரியாது. கேட்கிறவர்களுக்கும் பிடித்தது. சொல்லச் சொல்ல எனக்குத்தான் உறுத்தியது. சித்தப்பா அன்று வேறு மனநிலையில் இருந்திருந்தால்? அண்ணனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சண்டை இருந்திருந்தால்? என் சம்பளம் ஒரு திண்ணைப் பேச்சின் பதமான வார்த்தையில் தொங்கியிருக்கிறது. அதைப் பாராட்டிக்கொண்டே இருக்க முடியவில்லை.

இந்த உறுத்தலைப் பெரிதாக்கியது என் பள்ளித் தோழி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள், ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் தெருவின் முதல் கம்பம் தெரியும். அவளுக்கும் போடச் சொல்லி அண்ணனைக் கேட்டேன். "அது நம்ம ஏரியா இல்ல பாப்பா" என்றார். அந்தப் பக்கம் வேறொருவர். 90களில் கேபிள் இழுக்கும்போது இரண்டு பேரும் பேசி வாய்க்காலை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். அவர் இன்னும் ஃபைபருக்கு மாறவில்லை, மாறுகிற எண்ணமும் இல்லை போலிருக்கிறது. அண்ணன் அங்கே போனால் என்ன ஆகும்? ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி வெட்டப்படும், பதிலுக்கு இங்கே வெட்டப்படும். சட்டத்தில் அப்படி எல்லை எதுவும் இல்லை. நெட் லைசென்சில் மிகச் சிறியதான சி வகைகூட ஏறக்குறைய ஒரு மாவட்டம் அளவுக்குச் செல்லும். வாய்க்காலை யாரும் லைசென்சில் எழுதி வைக்கவில்லை.

அதாவது எனக்கு நெட் வரக் காரணமான அதே பழக்கவழக்கம்தான் என் தோழிக்கு நெட் வராமல் இருக்கவும் காரணம். அண்ணன் நல்லவர் என்பதால் எனக்குக் கிடைத்தது என்றால், அந்தப் பக்கத்துக்காரர் மோசமானவர் என்பதால் அவளுக்குக் கிடைக்கவில்லை என்று ஆகும். அவரும் மோசமானவர் இல்லை. அவருக்குக் கடன் வாங்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அண்ணனைப் பற்றியும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் அவர் பேரில் இல்லை. திருச்சியில் ஒரு நிறுவனத்தின் பேரில் இருக்கிறது, இவர் அவர்களுடைய பார்ட்னர், வசூலில் பங்கு. ஒருமுறை பங்கு ஒத்துவரவில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். காலையில் எழுந்தால் மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, நெட் இல்லை. பையன் வந்து புது யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போனான். முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்றால், "சொன்னா நீ பழைய கம்பெனிகாரனுக்கு போன் பண்ணிருப்ப" என்கிறார். ஜிஎஸ்டி பில் கேட்டால்தான் வரும். ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை, அதுவும் ஐபிஎல் நாளில், விபிஎன் திணறும். ஸ்பீடு டெஸ்ட் மட்டும் ஜம்மென்று நூறைக் காட்டும், ஏனென்றால் சோதனை சர்வர் பக்கத்திலேயே இருக்கிறது, அமெரிக்கா பக்கத்தில் இல்லை. யூடியூப்பும் அப்படியே, சென்னையிலோ நிறுவனத்தின் அறையிலோ நகல் வைத்திருப்பார்கள், தடங்கலே தெரியாது. இணையத்தில் வெளியே தெரிகிற பொது ஐபி முகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் கடைக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறந்து பார்க்க நினைக்கிறவர்கள் மாறாத தனி முகவரியான ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கரண்ட் போனால் சுவரில் இருக்கிற டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நம் வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தே ஆக வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் நான் அவரிடம் இருக்கிறேன். ஒயர் அறுந்தால் அவர் ஆள் அன்றைக்கே ஏணியோடு நிற்கிறான்.

வழி என்ன என்று யோசித்தால் எனக்கு மறுபடி மறுபடி கம்பம்தான் தெரிகிறது. பிரிட்டனில் சின்ன ஃபைபர் நிறுவனங்கள் ஏராளமாக முளைத்ததற்கு ஒரு காரணம், அங்கே பழைய தொலைபேசிக் கம்பங்களையும் தரையடிக் குழாய்களையும் வைத்திருக்கும் ஓப்பன்ரீச், நிர்ணயித்த கட்டணத்துக்குப் போட்டியாளர்களுக்கும் அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் வைத்த விதி. போட்டி நிறுவனங்களும் அதே கம்பத்தில் தங்கள் இழையைக் கட்டலாம். அந்த நாட்டிலேயே லங்காஷர் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு நேர் எதிரான இன்னொரு வழியும் நடந்தது. பி4ஆர்என் என்ற ஊர்க்காரர்களின் சங்கம் 2011 வாக்கில் தொடங்கி, வயல்களின் நடுவே தாங்களே பள்ளம் தோண்டி இழை பதித்தது. நிலத்துக்காரர்கள் வழி விடுவதற்குக் காசு வாங்குவதில்லை. ஒருவர் மறுத்தால் பாதை முழுவதும் சுற்றிப் போக வேண்டும் என்பதால் அங்கேயும் யாரோ ஒருவர் யார் வீட்டிலோ உட்கார்ந்து தேநீர் குடித்துத்தான் பேசியிருப்பார். ஆகச் சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் பேச ஒரு அண்ணனும் எப்போதும் வேண்டியிருக்கும். அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் கம்பத்தைப் பற்றித்தான். இங்கே மின்கம்பத்தில் கேபிள் கட்டுவது பாதி நேரம் கண்டும் காணாமலும் நடக்கிறது, திடீரென்று அகற்றச் சொல்லி உத்தரவு வருகிறது, மறுபடி கட்டுகிறார்கள். அனுமதியும் இல்லை, தடையும் இல்லை என்கிற இடத்தில் யாருக்குக் கை நீளமோ அவர் வைத்ததுதான் எல்லை. தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் கீழ் கம்பி இழுக்கும் வழியுரிமை விதிகள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. எங்கள் தெருக் கம்பத்துக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. மத்திய அரசின் பாரத்நெட் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுவரும் திட்டம். நல்லதுதான், ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பமும் அந்தப் பழைய கம்பம்தானே? கம்பத்துக்கு ஒரு வாடகை, கட்டினவனுக்கு ஒரு சீட்டு, வெட்டினவன் மேல் ஒரு வழக்கு என்று வந்துவிட்டால் அண்ணன் வாய்க்காலைத் தாண்டுவார். அந்தப் பக்கத்துக்காரரும் இங்கே வரலாம், வரட்டுமே. வந்தால் அண்ணன் ஜிஎஸ்டி பில்லைக் கேட்காமலேயே கொடுப்பார்.

சித்தப்பாவும் அப்பாவும் இன்னும் பேசவில்லை. நெட் போனால் மட்டும் சித்தப்பாவின் பேத்தி சுவருக்கு மேலே எட்டி "ஒங்களுக்கு வருதாக்கா?" என்று கேட்கிறாள். இரண்டு வீட்டிலும் இல்லை என்றால் கோளாறு தெருவில், ஒரு வீட்டில் மட்டும் இல்லை என்றால் அந்த வீட்டில். இந்தச் சோதனைக்குப் பவர் மீட்டர் தேவையில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோழி காத்திருந்து பார்த்து அலுத்துவிட்டாள். எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு இருந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைவிட இங்கே ஆயிரம் ரூபாய் கூட என்றேன். பரவாயில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் அந்த டப்பாவில் லைன் காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல் என்கிறாள். எட்டில் ஆறு போய்விட்டது.